ஆமாக்காவின் காது

ஆணிக் கம்பெனியில் அவளுக்கு ஆமாக்கா என்று பேர். எதைக் கேட்டாலும் ஆமா என்பாள். "அக்கா, சாப்பிட்டாச்சா?" ஆமா. "அக்கா, இன்னைக்கு மேஸ்திரி மூஞ்சி உர்ருனு இருக்கே, பாத்தியா?" ஆமா. "அக்கா, உன் வீட்டுக்காரர் வேற ஒருத்தியைப் பாத்துக்கிட்டாராமே?" அதற்கும் ஆமா. சாப்பாட்டு அறையே விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எதற்கென்று தெரியாமல் கூடச் சிரிப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பத்தொன்பது வருடம் அவள் அந்தக் கொட்டகையில் நின்றிருக்கிறாள். நாற்பது மெஷின். ஒரு பக்கம் கம்பிச் சுருள் உள்ளே போகும், நடுவில் சம்மட்டி அறைந்து தலை வைக்கும், மறுபக்கம் கத்தி நுனி சீவித் தள்ளும், ஆணி தகர வாளியில் போய் விழும். நிமிடத்துக்கு இருநூறு அறை. நாற்பது மெஷினுக்கும் கணக்குப் போட்டால் தலை சுற்றும். கம்பெனி கொடுத்த பாதுகாப்பு, மாதத்துக்கு ஒரு பஞ்சுப் பொட்டலம்.

காது ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் குருவிச் சத்தம் போனது. அதை அவள் கவனிக்கவே இல்லை. அப்புறம் பிரஷர் குக்கர் விசில். அதன்பின் பேச்சிலிருந்து மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. ச போனது, த போனது, க போனது. கடைசியில் மனிதர்கள் வாயிலிருந்து வருவதெல்லாம் ஆவும் ஈயும் ஓவும்தான். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் வார்த்தையைக் காணோம்.

அவள் புருஷன் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தான். ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டு, "இந்தா, அந்தச் சாவியை எடு!" என்று கத்தினான். அவள் குளியலறையிலிருந்து தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னடி இது? கடையைக் கழுவி விடவா?"

"நீங்கதானே கேட்டீங்க?"

அவன் சிரித்தபடி சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மகள் சிரிக்கவில்லை. அவள் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசியே பழகியவள். வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"அம்மா, உனக்குக் காது கேக்கலையா?"

"கேக்குது. வார்த்தைதான் கேக்கல."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"டாக்டர் எழுதித் தருவான். அந்தச் சீட்டு கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

மகளுக்கும் தெரியும். கம்பி இழுக்கிற பிரிவில் ஒரு பெரியவருக்குக் காது போனது. உடல் தகுதி இல்லை என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். காது எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தரம் பரிசோதனை உண்டு. கம்பவுண்டர் நோட்டைப் பார்த்தபடியே "கேக்குதா?" என்பான். ஆமாக்கா "ஆமா" என்பாள். அவன் எழுதிக்கொள்வான், அவள் கையெழுத்துப் போடுவாள். அதோடு அடுத்த வருடம்தான்.

சாவி போய் வாளி வந்த அன்று சாயங்காலம் அவள் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தின் தலையில் "ஆ – இ" என்று எழுதினாள். கீழே சாவி, வாளி, பாதி, காலி, ஆணி, நாடி, தாடி, வாடி என்று தோன்றியதையெல்லாம் வரிசையாக எழுதினாள். அடுத்த பக்கம் "ஆ – உ": பாட்டு, காத்து, மாத்து, நாளு, ஆறு. அதற்கடுத்தது "ஓ – இ". ஒரு சத்தம் காதில் விழுந்தால் அது என்னென்ன வார்த்தையாக இருக்கலாம் என்பதை மனப்பாடம் செய்யத்தான் இந்த ஏற்பாடு. அடுப்படியில் நிற்கிற ஆள் கேட்டால் வாளி, வாசலில் நிற்கிற ஆள் கேட்டால் சாவி. இடம் பார்த்து, முகம் பார்த்து, உதடு பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பத்தாம் வகுப்பில் நின்றுபோனவள் நாற்பத்து நாலு வயதில் தனக்காக ஒரு அகராதி எழுதினாள்.

எழுத எழுத வேறு ஒன்று நடந்தது. ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்த வார்த்தைகள் தமக்குள் பேச ஆரம்பித்தன. ஒரு நாள் மத்தியானம் மெஷின் பக்கத்தில் வாளி மாற்றும்போது இரண்டு வரி அவளுக்குள் தானாக வந்து நின்றது.

*ஆணி வாளி பாதி காலி;*
*ஆளின் நாடி பாதி காலி.*

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நாற்பது மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. ஆனால் தாடையில் அந்த ஆவும் இயும் ஏறி இறங்குவது தெரிந்தது. அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தாள்.

நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் கவிதை வட்டம் கூடும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. படிக்கப்போகும் கவிதைகளை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள் என்றும் போட்டிருந்ததால்தான் போனாள். கையில் காகிதம் இருந்தால் காதை நம்ப வேண்டியதில்லை. வட்டத்தை நடத்தியவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். அவளுடைய இரண்டு வரியை வாங்கிப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுகையே சரியில்லையேம்மா. ணி-க்கு ளி எப்படி எதுகையாகும்? ரெண்டாவது எழுத்து அப்படியே ஒத்து வரணும்ல?"

அவளுக்கு ணியும் ளியும் லியும் ஒன்றுதான். எல்லாமே இ. ஆமா என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் படியேறும்போதே பேராசிரியர் வாசலுக்கு எழுந்து வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. வாரம் முழுக்க அந்த இரண்டு வரி அவரைத் தூங்கவிடவில்லையாம். உயிரெழுத்து மட்டும் ஒத்து வந்தால் அதற்கு உயிரெதுகை என்று இலக்கணத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அதை எல்லோரும் ஏழை வீட்டு விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், கவிதையின் இசை முழுக்க உயிரில்தான் இருக்கிறது என்று நான் முப்பது வருடமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன், ஒருத்தரும் மதிக்கவில்லை, இப்போது பார் என்று எல்லோரிடமும் அவள் தாளைத் தூக்கிக் காட்டினார். அவர் பேசியதில் பாதிதான் அவளுக்குப் பிடிபட்டது. ஆனால் மற்றவர்கள் திரும்பித் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எப்படிம்மா இப்படி நுணுக்கமாக் கேக்குது உங்களுக்கு?" என்றார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் எத்தனையோ தரம் அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்த் தன்னைத்தானே அறைந்துகொண்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"தானா வருதுங்க சார்," என்றாள்.

தானாக வந்தது என்பதும் முழுப் பொய்யில்லை. வட்டத்தில் யார் கவிதை படித்தாலும் அவளுக்கு உயிர்களின் வரிசை மட்டும் கேட்கும். எந்த இடத்தில் அந்த வரிசை தடுக்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவாள். அநேகமாக அந்த இடத்தில்தான் கவிதையும் தடுக்கியிருக்கும். ஒரு வருடத்தில் முப்பது கவிதை எழுதினாள். பேராசிரியர் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் அவளைப் பற்றி அரைப்பக்கம் எழுதினார். தலைப்பு: "மெய்யை உதறி உயிரைத் தொட்டவர்." பேர் வேண்டாம் என்று அவள் கெஞ்சியதால் ஆணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் என்று மட்டும் போட்டார். ஊரில் ஆணித் தொழிற்சாலை ஒன்றுதான். அதில் கவிதை எழுதுகிறவளும் ஒருத்திதான். "ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு குறிலையும் நெடிலையும் பிரித்தறியும் அபூர்வமான காது இவருடையது" என்று ஒரு வரி. புருஷன் அதை வெட்டி எடுத்துக் கடையில் இருந்ததிலேயே நல்ல கண்ணாடியாகப் பார்த்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். மகள் மட்டும் அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு, "அம்மா, இது வம்பு," என்றாள்.

"போடி. எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

மெஷினில் அவளுக்குக் கூட்டாளி ஒரு சின்னப் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டு குழந்தைகள். வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இரைச்சலிலும் விடாமல் பேசுவாள். ஆமாக்காவின் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுவதால் அவள் பேச்சு மட்டும் முக்கால்வாசி பிடிபடும். ஆமாக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். கம்பி உள்ளே சிக்கினால் வாயாடி மூடியைத் திறந்து கையை விட்டு எடுப்பாள். எடுத்து முடித்ததும், "இழுக்கா!" என்பாள். ஆமாக்கா நெம்புகோலை இழுத்து மெஷினை ஓட விடுவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது நடக்கும்.

அன்றும் சிக்கியது. வாயாடி குனிந்து கையை விட்டாள். கம்பித் துண்டு ஆழத்தில் மாட்டியிருந்ததால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் தோள்வரை உள்ளே நீட்டினாள். ஆமாக்காவுக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. இ, உ, ஆ.

ஆமாக்கா இழுத்தாள்.

வாயாடி சொன்னது, "நில்லுக்கா."

இரண்டு விரல் போனது. நடுவிரலும் மோதிர விரலும். அந்த அலறலில் மெய்யெழுத்து எதுவும் இல்லாததால் ஆமாக்காவுக்கு அது முழுசாகக் கேட்டது.

கம்பெனி மறுநாளே நோட்டீஸ் கொடுத்தது. நிறுத்தச் சொல்லியும் அலட்சியமாக இயக்கியதால் விபத்து, அதற்கு முழுப் பொறுப்பு இயக்கியவள். வேலை நீக்கம். வாயாடிக்கு மருத்துவச் செலவு கொடுத்ததோடு சரி. மற்றது உன் கூட்டாளியைக் கேள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ஒரு சங்கத்து வக்கீலைப் பிடித்துத் தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டாள். அம்மாவின் காதைக் கெடுத்ததே இந்த மெஷின்தான், காது கெட்டதால்தான் விபத்து, ஆகவே இரண்டு பேருக்கும் கம்பெனிதான் பொறுப்பு என்பது மனு. அரசு மருத்துவமனையில் சோதனை செய்தார்கள். கீச்சென்ற ஒலிகள் கேட்கவில்லை, கனத்த ஒலிகள் கேட்கின்றன என்று அறிக்கை வந்தது. கம்பெனி வக்கீல் அதைப் படித்துவிட்டு, "கேக்குதுன்னுதானே இதுவும் சொல்லுது?" என்று சிரித்தாராம்.

அப்போதுதான் அவள் பேராசிரியர் வீட்டுக்குப் போனாள். மகளும் கூடப் போனாள். அவர் மேஜையில் ஒரு புத்தகத்தின் அச்சுத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. உயிரெதுகை பற்றி அவர் எழுதிய புத்தகம். அதில் கடைசி அத்தியாயம் முழுக்க இவள்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, வாளி, நோட்டு, கம்பவுண்டர், வாயாடி. முடிந்ததும் அவர் அச்சுத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். அவர் முகத்தை அவள் கண் விலக்காமல் பார்த்தாள். உதடு எப்போது அசையுமோ என்று.

"அப்படின்னா இது கலை இல்லையா? குறையா?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும்னு ஒண்ணு கிடையாதும்மா. முப்பது வருஷமா என்னைக் கேலி பண்றவங்க இருக்காங்க. ஒரு செவிட்டுப் பொம்பளையைப் புடிச்சுட்டு வந்து இசைன்னு சொன்னான்னு சிரிப்பாங்க."

செவிட்டு என்று சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். உதட்டைத் தாழ்த்த முடியவில்லை. அவள் படித்துவிட்டாள்.

மகள், "சார், ரெண்டே வரி எழுதிக் கொடுங்க. இவங்களுக்கு உயிர் சத்தம் மட்டும்தான் கேக்குது, அதனாலதான் இப்படி எழுத வந்ததுன்னு. அவ்வளவுதான்," என்றாள்.

"அச்சுக்குப் போயாச்சும்மா. நான் எழுதினதை நானே பொய்னு எப்படிச் சொல்றது? வேணும்னா ஒழுக்கமானவங்க, கடின உழைப்பாளின்னு ஒரு சான்று தரேன். தாராளமா."

தந்தார். தடித்த தாளில் கையெழுத்துப் போட்டு, மடித்து, உறையில் வைத்துத் தந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்திருக்கலாமே என்று வழியெல்லாம் மகள் திட்டினாள். அம்மாவின் பக்கம் திரும்பாமல் திட்டியதால் அது வெறும் அவும் ஏவுமாகப் போயிற்று.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி, எழுத்தர், இரண்டு வக்கீல், சுவரோடு ஒட்டிப் போட்ட பெஞ்சில் மகள். கம்பெனி வக்கீல் முதலில் கம்பவுண்டரின் நோட்டைக் காட்டினார். பத்தொன்பது ஆமா, பத்தொன்பது கையெழுத்து. அப்புறம் பத்திரிகையை எடுத்தார். அவர் வாசிக்க வாசிக்க அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அபூர்வமான காது என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆயிரம் சத்தத்துக்கு நடுவுல குறில் நெடில் பிரிக்கிறவங்களுக்கு, ரெண்டடி தூரத்துல நில்லுன்னு கத்தினது கேக்கலையாம் ஐயா."

சொல்லிவிட்டு அவர் மெதுவாக நடந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போனார். அவள் அதிகாரியைப் பார்த்தபடி இருந்தாள். பின்னாலிருந்து கேள்வி வந்தது.

எ, அ, ஐ. இ, ஐ, அ.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு பொம்பளையை உட்கார வைத்து என்ன கேட்பார்கள்? வயது, விலாசம், புருஷன், பிள்ளை. எத்தனை பிள்ளைங்க. அவளுக்குள் அந்த நோட்டு தானாகவே புரண்டு சரியான பக்கத்தில் நின்றது. பல வருடத்துப் பழக்கம். கேட்காததைக் கேட்ட மாதிரி காட்டி, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு பொண்ணு சார்."

அவர் கேட்டதும் அதுதான். மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் ஆமாக்காவுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அதிகாரி முன்னால் சாய்ந்து, "கேட்டுச்சே?" என்றார். அதட்டலாக இல்லை, பரிவாகத்தான் கேட்டார்.

"கேக்கலைங்க. கண்டுபிடிச்சேன்."

"கேக்காம எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்து விரித்துக் காட்டினாள். இந்தப் பக்கம் ஆ இ, இந்தப் பக்கம் இ உ. பாருங்க சார், இழு, நில்லு, ரெண்டும் இந்தப் பக்கத்துலதான் இருக்கு. அந்த ரெண்டு வார்த்தையும் எனக்கு ஒண்ணுதான். அவசரத்தில் சொல் தடுமாறியது. அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். கம்பெனி வக்கீல் எட்டிப் பார்த்து, பணிவாக, "இதைத்தான் ஐயா நாங்களும் சொல்றோம். சத்தத்தை வச்சு இவ்வளவு ஆராய்ச்சி பண்றவங்க," என்றார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. கவனக்குறைவு, குற்றம் அவள் மேல்தான்.

மகள் மேல்முறையீடு செய்தாள். அது தேதி தேதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது. கூடத்துச் சுவரிலிருந்த சட்டத்தைப் புருஷன் ஒரு நாள் தானாகவே கழற்றினான். கண்ணாடியை மட்டும் பிரித்துக் கடைக்கு எடுத்துப் போனான். அவனுக்கு அவள் மேல் கோபம் இருந்ததா, தன் மேலேயே இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் திரும்பி நின்றுதான் பதில் சொல்லியிருப்பான்.

அவள் வாயாடி வீட்டுக்கு ஒரு தரம் போனாள். குறுகலான சந்தில் மூன்றாவது கதவு. வாயாடிதான் திறந்தாள். இடது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஆமாக்கா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஆரம்பித்தாள்.

"எனக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப வருஷமா. உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

வாயாடி அவளையே பார்த்தாள். எப்போதும் போல முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தித் திருத்தமாகச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா நான் உன்கூட அந்த மெஷின்ல நின்னுருப்பேனா? ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே என் கையை வாங்கிட்டியே. உன் கௌரவத்துக்கு என் கைதான் கெடைச்சுதா?"

ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பேச்சு அவளுக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. கதவு சாத்திக்கொண்டது.

பேராசிரியரின் புத்தகம் மழைக்காலத்தில் வந்தது. கடைசி அத்தியாயம் அப்படியே இருந்தது. ஒரே மாற்றம், ஆணித் தொழிற்சாலை என்பது போய் ஒரு தொழிற்சாலை என்று ஆகியிருந்தது. வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் அவளுடைய இரண்டு வரியைப் பாடப்போகிறார்களாம். அவள் போகவில்லை. நோட்டில் அதற்குப் பிறகு எழுதவும் இல்லை. வரி வராமல் இல்லை. வரும். பேருந்தில் போகும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, ஆவும் இயும் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். வாயை இறுக மூடிக்கொள்வாள். தாடை அசையாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவையே போய்விடும்.

இப்போது ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். முதல் நாள் காலையில் மேற்பார்வைக்காரி வேலையை விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குக் காது கேக்காது. முகத்தைப் பாத்து, மெதுவாச் சொல்லுங்க."

அப்படிச் சொல்ல அவளுக்கு நாற்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது. மேற்பார்வைக்காரி ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆமாக்கா சிரிக்கவில்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை உதறி விரித்து, நுனியோடு நுனி சேர்த்து மடிக்கத் தொடங்கினாள்.